கட்டைப் பிரிக்காதீர்கள்

கீழவாஞ்சூர் தொடங்கி திருமலைராயன்பட்டினம், காரைக்கால் நகரம் வரை, வீட்டுப் பரணிலும் அலமாரியிலும் பழைய தாள்கட்டுகளை வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு,

தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ விட்டுச்சென்ற கணக்கேடு, கடிதக்கட்டு, நாட்குறிப்பு, ஊர் வரலாறு எழுதலாமென்று அவர்கள் அங்கங்கே குறித்து வைத்த துண்டுத்தாள் ஏதேனும் உங்களிடம் இருந்தால், அதில் ‘முக்கியமானதை’ மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் போகி நெருப்புக்கோ பழைய பேப்பர்காரரின் தராசுக்கோ அனுப்பிவிடாதீர்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல். வெள்ளையடிக்கும்போதும் பாகப்பிரிவினையின்போதும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். நிலப்பத்திரம், பட்டா, பிரெஞ்சு முத்திரை போட்ட சான்றிதழ் எல்லாம் இரும்புப் பெட்டிக்குள் போகும். நாள்வரவு செலவு, அடித்துத் திருத்திய கடித நகல், மளிகைப் பாக்கி எழுதிய சிட்டை, யாரோ யாருக்கோ போட்ட கார்டு இவையெல்லாம் குப்பைக்குப் போகும். நான் சொல்வது இதற்கு நேர்மாறானது. பத்திரத்துக்குப் பதிவகத்தில் ஒரு படி இருக்கும், பழைய நொத்தேர் கட்டிலும் இருக்கலாம். சிட்டைக்கு வேறெங்கும் படி கிடையாது. போனால் போனதுதான்.

அரிதாக இருப்பதனாலேயே ஒன்று மதிப்புடையதாகிவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிட்டையும் கிறுக்கலும் இல்லாவிட்டால், எழுதி முடித்த வரலாற்றை யாராலும் உரைத்துப் பார்க்க முடியாது என்பதுதான் என் வாதம். அதற்குத் தென்னாட்டில் காலின் மெக்கன்சியின் சேகரத்தைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்து, ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் சேர்ந்து 1783இல் சென்னைக்கு வந்தவர் அவர். 1793இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியைப் பறித்த முற்றுகையில் இருந்தார், மைசூர் நாட்டை அளந்தார், 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார், 1821இல் இறந்தார். வரலாற்று நூல் என்று பெரிதாக எதையும் அவர் எழுதி முடிக்கவில்லை. ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாட்டின் வட்டார வரலாற்றை எழுதப் புகுந்த எவரும் அவருடைய கட்டுகளைத் தாண்டிப் போக முடியவில்லை. அவருக்குப்பின் எச். எச். வில்சன் 1828இல் வெளியிட்ட பட்டியலின்படி சுவடிகள் 1,568, கல்வெட்டுப் படிகள் 8,076, காசுகள் 6,218, ஓவியங்கள் 2,630. இந்நாட்டு மொழி எதையும் படிக்கத் தெரியாத ஒரு மனிதரின் பெயரில் இவ்வளவும் சேர்ந்தது எப்படி? அதற்கான விடை அந்த 1,568 சுவடிகளில் இல்லை. கூடவே ஒட்டிக்கொண்டு தப்பிப் பிழைத்த அறிக்கைகளிலும் கடிதங்களிலும் இருக்கிறது.

மெக்கன்சி தமக்குக் கீழே தெலுங்கர், மராத்தியர், தமிழர், சமணர் என்று பலரைச் சம்பளத்துக்கு அமர்த்தி ஊர் ஊராக அனுப்பினார். பாபுராவ், நாராயணராவ், நித்தல நயினா போன்றோர் தென்னாட்டின் பல பக்கங்களிலும் அலைந்தார்கள். எங்கே போனோம், யாரைக் கண்டோம், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று அவர்கள் எழுதி அனுப்பிய அறிக்கைகள் இருக்கின்றன. படித்தால் வரலாறு சேகரிப்பதன் உள்வேலை அப்படியே தெரிகிறது. வரி போடத்தான் வந்திருக்கிறார்கள், மானியத்தைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அஞ்சி ஊர்ப்பெரியவர்கள் செப்பேட்டை ஒளித்துவைக்கிறார்கள். ஏடு இருக்கிறது, ஆனால் தரமாட்டோம் என்கிறார்கள். இன்னும் சிலர் இருப்பதையே ஒப்புக்கொள்வதில்லை. கெஞ்சியும் காத்திருந்தும், பெரிய மனிதர்களிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வந்தும் காரியத்தை முடிக்க வேண்டியிருந்தது.

இப்போது அந்தச் சேகரத்திலுள்ள ஏதாவது ஓர் ஊர் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ன அரசன் இந்தக் கோயிலுக்கு இந்த நிலத்தைச் சர்வமானியமாக விட்டான் என்று அழுத்தந்திருத்தமாக எழுதியிருக்கும். தனியே படித்தால் அது வரலாறு. கும்பினி மானிய நிலங்களைத் துருவிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த நிலத்தை அனுபவித்துக்கொண்டிருந்தவரே, கும்பினியின் ஆள் என்று தாம் நம்பிய ஒருவரிடம் அதைச் சொன்னார் என்று தெரிந்தபிறகு படித்தால், அது வாக்குமூலம். இரண்டையும் எடைபோடும் விதம் வேறு. வாக்குமூலம் என்பதற்காக அது பொய்யாகிவிடாது. எதற்காகச் சொல்லப்பட்டது, எதைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள் என்று கேட்க நமக்கு வழி கிடைக்கிறது, அவ்வளவே. அந்த வழியைத் திறந்துவிடுவது பயண அறிக்கை. அழகாகப் படியெடுத்துத் தைத்து வைத்த ‘சரித்திர’ நோட்டைப் படித்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது.

யார் உழைத்தார்கள் என்ற கேள்விக்கும் பதில் தனித்தாளில்தான் இருந்தது. மெக்கன்சிக்கு வலதுகையாக இருந்தவர் காவலி வெங்கட போரய்யா. இளம்வயதிலேயே, 1803இல் இறந்துவிட்டார். அவர் தம்பி இலட்சுமய்யா அந்த வேலையைத் தொடர்ந்தார். இலங்கையில் தலைமை நீதிபதியாக இருந்த தம் நண்பர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனுக்கு 1817 பிப்ரவரியில் மெக்கன்சி எழுதிய நீண்ட கடிதத்தில், போரய்யா வந்து சேர்ந்தபிறகுதான் இந்நாட்டு அறிவுக்குள் தமக்கு வாசல் திறந்தது என்ற பொருளில் மனம்விட்டு எழுதியிருக்கிறார். மெக்கன்சியின் வாழ்க்கையைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதிக்கு இந்தக் கடிதமே மூலம். அது நண்பருக்கு எழுதியது, அரசாங்கத்துக்கு அனுப்பிய அறிக்கை அன்று. ஜான்ஸ்டன் வீட்டில் யாராவது மேசையை ஒழுங்குபடுத்தி அதைத் தூக்கிப்போட்டிருந்தால் போரய்யாவின் பங்கு இவ்வளவு வெளிப்படையாக நமக்குத் தெரிந்திருக்காது. தாமஸ் ஹிக்கி 1816இல் தீட்டிய ஓவியத்தில் சிவப்புக் கோட்டுப் போட்ட மெக்கன்சியைச் சுற்றி மூன்று இந்தியர்கள் நிற்கிறார்கள். ஒருவர் கையில் ஏடு, இன்னொருவர் கையில் தொலைநோக்கி, பின்னால் தூரத்தில் கார்க்களாவின் கோமதீசுவரர் சிலை. அந்த மூவர் யார் யார் என்று அறிஞர்கள் விவாதிப்பதற்காவது இடம் இருக்கிறதென்றால், அதற்கும் கடிதங்களும் அறிக்கைகளும்தான் காரணம்.

அதன்பின் நடந்ததையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் வீட்டுக் கட்டுகளுக்கும் அதுவே நேர்கிறது. மெக்கன்சியின் மனைவி சேகரத்தைக் கும்பினிக்கு விற்றார், விலை ஒரு லட்சம் ரூபாய். ஒரே மனிதரின் ஒரே வேலையாக இருந்தது பிரிக்கப்பட்டது. ஒரு பகுதி கப்பலேறி லண்டனுக்குப் போயிற்று, இன்னொரு பகுதி சென்னைக்குத் திரும்பியது. எந்த ஏடு எந்த ஊரில் யாரிடம் கிடைத்தது, எந்த அறிக்கை எந்தச் சுவடியோடு வந்தது என்ற தொடர்பு அந்தப் பிரிவினையில் பல இடங்களில் அறுந்துபோனது. தொடர்பைத் தலைக்குள் வைத்திருந்த ஆள் இலட்சுமய்யா. வேலையைத் தொடர அனுமதி கேட்டார். வங்காள ஆசியக் கழகத்தின் சார்பில் 1836இல் கருத்துச் சொன்ன ஜேம்ஸ் பிரின்செப் தரப்பு அவருக்கு அந்தத் தகுதி போதாது என்று தள்ளிவிட்டது. பொறுப்பு பாதிரியார் வில்லியம் டெய்லரிடம் போனது. அவர் பார்க்கும்போது சில நோட்டுகளைப் பூச்சி தின்றிருந்தது, மை மங்கியிருந்தது. சேகரித்து இருபது முப்பது ஆண்டே ஆன தாள்கள் அவை. நம் ஊர் உப்புக்காற்றில் நூறு ஆண்டாகக் கிடக்கும் கட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. சென்னைப் பகுதி இன்று அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. தமிழ்ச் சுவடிகளின் சுருக்கத்தை டி. வி. மகாலிங்கம் பதிப்பித்துச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது 1972இல். சேகரித்தவர் இறந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு!

மெக்கன்சி கும்பினியின் ஆள், அவர் தாளுக்கும் எங்கள் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்களானால், நம் பக்கத்துக் கதையே ஒன்று இருக்கிறது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு. வியாபாரி ஒருவர் கணக்கெழுதும் பழக்கத்தில் தமக்காக எழுதிவைத்தது. அது வரலாறாக மாறியது 1846இல் அர்மான் கல்வா மோம்பிரோன் என்ற பிரெஞ்சு அதிகாரி, பிள்ளையின் குடும்பத்தார் வீட்டில் அதைக் கண்டெடுத்தபிறகு. அவரும், தமிழ்ச் சுவடிகளில் மூழ்கிக்கிடந்த எதுவார் அரியேலும் படியெடுத்தார்கள். சென்னை அரசு பிறகு எடுப்பித்த படியை வைத்து 1904க்கும் 1928க்கும் இடையில் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வந்தது. எண்பத்தைந்து ஆண்டு அந்தக் குடும்பம் அதைப் படித்ததோ இல்லையோ, தூக்கிப்போடவில்லை. ஆனால் முழுதாகவும் நமக்குக் கிடைக்கவில்லை. மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் விடுபட்டிருக்கிறது.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739 பிப்ரவரியில். தஞ்சை மன்னர் சாகுஜி விற்க ஒப்புக்கொண்டதும், பின்வாங்கியதும், சந்தா சாகிபு இடையில் புகுந்ததும், ஆளுநர் துய்மா காரியத்தை முடித்ததும் அரசாங்க ஆவணங்களில் உண்டு. ஆனால் அக்காலத்துப் பிரெஞ்சுப் பேரத்தின் வாடையும் வதந்தியும் பயமும் தெரிய வேண்டுமானால் பிள்ளையின் நாட்குறிப்பு போன்ற ஒன்றுதான் உதவும். இன்னும் தெளிவான சான்று 1748 செப்டம்பர். ஆங்கிலேயர் முற்றுகையின் நடுவே புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அது இடிக்கப்பட்டது என்பதை எந்த வரலாற்று நூலும் ஒரு வரியில் சொல்லிவிடும். ஊர்ப்பெரியவர்கள் எப்படிக் கூடினார்கள், யார் எதிர்த்துப் பேசத் துணிந்தார், யார் மழுப்பினார், பிள்ளையே எவ்வளவு தூரம் போனார், எங்கே நின்றுகொண்டார் என்பதெல்லாம் நாட்குறிப்பில்தான். அதில் துய்ப்ளேக்ஸின் மனைவி மீது அவருக்கிருந்த வெறுப்பு அடக்கமில்லாமல் கொட்டுகிறது, சாதித் திமிரும் தெரிகிறது. மரியாதைக்குறைவு என்று குடும்பத்தார் அந்தப் பக்கங்களைக் கிழித்திருந்தால், மிஞ்சியிருப்பது வெள்ளிக்கட்டி விலையும் கப்பல் வரவும்தான்.

இங்கேதான் உங்களில் பலரின் முதல் தயக்கம் வரும். எங்கள் கட்டில் கடன் இருக்கிறது, சண்டை இருக்கிறது, சின்னவீடு இருக்கிறது, பங்காளி வழக்கு இன்னும் முடியவில்லை, ஊரார் பார்க்க எப்படிக் கொடுப்பது? இந்தத் தயக்கத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. பாதுகாப்பது வேறு, ஊருக்குக் காட்டுவது வேறு. உலகெங்கும் ஆவணக்காப்பகங்கள் குடும்பம் விதிக்கும் நிபந்தனையை ஏற்கின்றன. இத்தனை ஆண்டு திறக்கக்கூடாது, இன்னார் உயிரோடிருக்கும்வரை காட்டக்கூடாது என்று எழுதிக்கொடுக்கலாம். படமெடுத்து உங்கள் பெட்டியிலேயே பூட்டி வைக்கலாம். மூடி வைத்த தாளைப் பேரப்பிள்ளைகள் திறந்துகொள்வார்கள், கிழித்ததை யாராலும் மீட்க முடியாது. வழக்கு நடக்கிறது என்பது கட்டை முழுதாக வைத்திருக்க இன்னொரு காரணம்தான், வக்கீலைக் கேட்டுப் பாருங்கள்.

கொடுத்தால் வெளிநாட்டுக்குப் போய்விடும் என்பது அடுத்தது. போயிருக்கிறது, மறுக்க முடியாது. மெக்கன்சி சேகரத்தில் ஒரு பகுதி லண்டனில். அரியேலின் தமிழ்ச் சுவடிகள் பாரிஸ் தேசிய நூலகத்தில். ஆனால் இன்று அசலைத் தூக்கிக்கொண்டு போகவேண்டிய அவசியமே இல்லை. பிரிட்டிஷ் நூலகம் 2004இல் தொடங்கிய அழிநிலை ஆவணத் திட்டத்தின் அடிப்படை விதியே அசல் அந்நாட்டை விட்டு வெளியேறக்கூடாது என்பது. அதன் உதவியோடு புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் குடும்பங்களிடம் இருந்த ஊர்ப்பஞ்சாயத்துத் தீர்ப்புகளையும் நிலம் சார்ந்த ஓலைகளையும் தாள்களையும் தேடிப்போய்ப் படமெடுத்திருக்கிறது. அசல் வீட்டிலேயே இருக்கும், படம் ஆய்வுக்குப் போகும். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் பெருந்தொகுப்பு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியபோதும் கடல் தாண்டவில்லை, 1994இல் சென்னையில் நூலகமாயிற்று. அவர் சேர்த்தவற்றில் நாடக நோட்டீசும் அழைப்பிதழும்கூட உண்டு. அன்றைக்கு அவற்றைக் குப்பை என்றவர்கள் எத்தனை பேரோ.

எங்கள் வீட்டில் ஆனந்தரங்கப் பிள்ளை யாரும் இல்லையே என்பீர்கள். இருக்கவேண்டியதில்லை. காரைக்கால் துறையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரெயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் கரும்புத் தோட்டக் கூலிகள் கப்பலேறினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் பிடிக்க 1861 ஒப்பந்தம் வழிசெய்தபிறகு அது பெருகியது. அரசுப் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், எண் இருக்கும். ஏன் போனான் என்று இருக்காது. போவதற்கு முந்தைய ஆண்டில் வாங்கிய கைமாற்று, அடகு வைத்த பித்தளை அண்டா, நெல் பாக்கி ஆகியவை கடன் கொடுத்தவர் வீட்டுச் சிட்டையில் இருக்கும். கடன் கொடுத்த அவர் உங்கள் கொள்ளுத்தாத்தாவாக இருக்கலாம். பெருமைப்பட ஒன்றுமில்லை, மறைக்கவும் ஒன்றுமில்லை. அதேபோல 1881 ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள், சைகோனுக்கு வேலைக்குப் போனவர்கள், பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வியாபாரத்துக்குப் போன மரைக்காயர் வீடுகள். முடிவு எடுக்கப்பட்ட தேதி அரசாங்கத்திடம் இருக்கிறது, முடிவுக்கு முன் வீட்டில் நடந்த பேச்சு கடிதத்தில்தான். ஊர் வரலாறு எழுத ஆசைப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியரோ மணியக்காரரோ உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், அவர் அச்சிட்ட சிறு நூலைவிட, அதற்காகக் கேட்டு எழுதிய நோட்டு பத்து மடங்கு பெறும். நூலில் அவர் விட்டுவிட்டது நோட்டில் இருக்கும்.

இதையெல்லாம் யார் படிப்பார்கள்? புள்ளி இல்லாத பழந்தமிழ்க் கையெழுத்து, மாகாணி வீசக் குறிகள், அரபுத்தமிழ், மராத்தி மோடி எழுத்து, பிரெஞ்சு இவற்றைச் சரளமாகப் படிப்பவர்கள் குறைவு, உண்மை. அதற்காகத் தூக்கிப்போடுவதில் தர்க்கம் இல்லை. உ.வே.சாமிநாதையருக்கு வந்த கடிதங்களை அவர் ஒழுங்காகக் கட்டி வைத்தார், அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கழித்தே அவை பதிப்பாக வரத் தொடங்கின. பதிப்பு நூல்களின் முன்னுரைகளைத் தாண்டி, எந்த ஏடு யார் வழியாக அவரை அடைந்தது என்று இன்று தேட முடிவது அதனால்தான். அரசாங்கம் செய்யட்டுமே என்பவர்களுக்கும் ஒரு சொல். புதுச்சேரியில் தேசிய ஆவணக்காப்பகத்தின் கிளை இருக்கிறது. அது அரசுக் காகிதத்துக்கு. உங்கள் பரணுக்கு ஏறிவர எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை, இருக்கவும் கூடாது.

செய்யவேண்டியது அதிகமில்லை. கட்டை அவிழ்க்குமுன், இருக்கிற நிலையில் கைபேசியில் படமெடுங்கள். பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொரு தாளையும், வெற்றுப் பக்கம் உட்பட. தேதிவாரியாக அடுக்கித் தரும் உற்சாகமுள்ள பேரன் இருந்தால் அவனைக் கொஞ்சம் தடுத்து வையுங்கள், பழைய அடுக்கில்தான் எது எதோடு சேர்ந்தது என்பது இருக்கிறது. தபால்தலைக்காக உறையை வெட்டாதீர்கள். பல கடிதங்களில் தேதி இருக்காது, உறையின் அஞ்சல் முத்திரையில்தான் சைகோன் என்றும் நாள் என்றும் இருக்கும். கிழிந்ததைச் செலோடேப்பால் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம், வெயிலில் காயப்போடாதீர்கள். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து நன்றாக உயர்த்தி, சுவரை ஒட்டாமல் வையுங்கள். 2004 சுனாமியும் 2018 கஜாவும் இந்தக் கரையில் எந்தெந்த உயரத்துக்கு என்ன செய்யும் என்று காட்டிவிட்டுப் போயிருக்கின்றன. துணியோடு வசம்பு வைக்கும் பழைய வழக்கம் நல்லதுதான், தாளின்மேல் நேரே படவேண்டாம்.

இன்னொன்று, மிக அவசரமானது. யாருடைய கட்டு, எந்த வீட்டிலிருந்து எப்படி வந்தது, கையெழுத்து யாருடையது, ‘பெரியப்பா’ என்று கடிதத்தில் வருபவர் யார் என்று ஒரு தாளில் எழுதிக் கட்டோடு வையுங்கள். இலட்சுமய்யா தலைக்குள் வைத்திருந்தது இதைத்தான். உங்கள் வீட்டில் அதைச் சொல்லத் தெரிந்த எண்பது வயதுக்காரர் ஒருவராவது இருப்பார். பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கத் தொடங்குமுன் அவரை உட்காரவைத்துக் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கீழவாஞ்சூரிலிருந்து, உங்கள் ஊர்க்காரர்களில் ஒருவர்